பழைய மிஷினுக்கு நான் கொடுத்த வாக்கு

புதன், இரவு.

இது நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். உத்தமபாளையத்தில் ‘பிராசசர்’ என்ற சொல்லை முதலில் சொன்னவனே நான்தான்.

அக்கா மகள் நூர்ஜஹானின் தட்டச்சுக் கடைக்கு நான் பார்த்து வாங்கித் தந்தது பழைய வகை, முப்பத்திரண்டு பிட் கம்ப்யூட்டர். இலவச ஆபீஸ் மென்பொருளின் புதுப் பதிப்பு இன்று அதில் ஏறவில்லை. இனி புது வகையான அறுபத்துநாலு பிட் கம்ப்யூட்டருக்கு மட்டும்தானாம். கல்லூரிப் பிள்ளைகள் கொண்டுவரும் கோப்புகளோ பழைய பதிப்பில் திறந்தால் வரி வரியாகச் சிதறுகின்றன.

“மாமா, தேனியில அறுபத்துநாலு பிட் மிஷின் ஒண்ணு தோதான விலைக்கு வந்திருக்கு. எடுத்துரவா?”

நான் வாங்கித் தந்ததைத் தூக்கிப் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“ஏ புள்ள, அந்த மென்பொருள் செய்யுறவுக நமக்குப் பழக்கம். பழைய மிஷினுக்குத் தனியா ஒண்ணு போட்டுத் தாரோம்னு சொல்லிட்டாக.”

உடனே போன் போட்டு அந்த மிஷினை வேண்டாம் என்றுவிட்டாள். சாயங்காலமே வேறு யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம்.

அந்த மென்பொருளின் நிரல், யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது. பழைய மிஷினுக்கு ஏற்ப அதைத் திருத்த எனக்கு எங்கே தெரியும்? அந்த மென்பொருளைச் செய்கிறவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.