நான்காவது எதிர்பார்ப்பு

அன்பு மகள் எஸ்டெலுக்கு அப்பா எழுதுவது. இங்கே உடம்பு என்ற அளவில் எங்கள் இருவருக்கும் குறையில்லை. அங்கே குளிர் உன்னையும் மாப்பிள்ளையையும் அதிகம் வாட்டாமல் அன்னை மரியாள் காக்கட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுத் தணிந்திருக்கிறது, கோயிலுக்கு நடந்தே போகிறாள். கொல்லைக் கறிப்பலா இந்த ஆண்டு முன்கூட்டியே காய்த்துவிட்டதால் மூன்று வேளையும் அதுதான் சமையல். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நான் ஏன் ஊமையாக இருந்தேன் என்று கேட்டாய். பேசியிருந்தால் குரல் உயர்ந்திருக்கும். குரலை உயர்த்தாதே என்று இருபத்திரண்டு ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லி வருபவன் நான். எனவே எழுதுகிறேன்.

தொடர்புத் திறன் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் முதல் நாளே நான் கொடுக்கும் தாள் உனக்குத் தெரியும். நீயும் அதில் கையெழுத்திட்டவள்தான். பேசுபவரின் முகத்தைப் பார், கைகளைக் கட்டாதே, குறுக்கிடாதே என்று பதினோரு எதிர்பார்ப்புகள். நான்காவது, யார் உன்னிடம் பேசினாலும், பதில் சொல்லும் முன் அவர் சொன்னதை உன் சொற்களில் திருப்பிச் சொல், ஆம் அதுதான் என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே உன் கருத்தைச் சொல் என்பது. நம் ஊரில் இரண்டு பேர் பேசினால் நான்கு குரல் கேட்கும் என்பதால் அதை எழுதினேன். அது ஒரு பெண்ணின் கழுத்தைச் சுற்றும் என்று நினைக்கவில்லை.

பெண்கள் கழிப்பறை குழாய் வெடித்து இரண்டு பருவங்களாகப் பூட்டிக் கிடக்கிறது என்று முன்பே எழுதியிருந்தேன். பிள்ளைகள் சீட்டு வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்து போலீஸ் நிலையக் கழிப்பறைக்குப் போகிறார்கள். வாசலில் நிற்கும் காவலர், இன்னைக்கு என்னம்மா குத்தம் பண்ணிட்டு வந்தீங்க என்று தினமும் அதே வேடிக்கையைச் சொல்கிறார், அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிறார்கள். மார்ச் மாதக் கடைசியில் பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் திரு. லூபின் காலைக் கூட்டத்துக்கு வந்து இது பற்றி இருபது நிமிடம் பேசினார். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று அவரே சொன்னார். இறுதி வகுப்பில் படிக்கும் கெர்னிஷா ஃபெலிசியன் எழுந்தாள். கைகள் பக்கவாட்டில், பார்வை அவர் முகத்தில். சார், நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாக்கறேன், ஒப்பந்தக்காரர் வந்தா கழிப்பறை திறக்கும், நீங்க கூப்பிட்டா அவர் வருவார், அவர் உங்க மருமகன், நீங்க இன்னும் கூப்பிடலை, அதுதானே சார் என்று கேட்டாள். ஆமாம், அதுதான் என்று அந்த மனிதர் யோசிக்காமல் சொல்லிவிட்டார். ஐந்நூறு பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசையில் ஆசிரியர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

அன்று மதியமே அவளை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். பெரியவரை அவமதித்தாளாம். மே மாதத் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. தலைமையாசிரியை திருமதி சார்லமேன் என்னை அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, மிஸ்டர் போலியஸ், நான் உங்களுக்கு நல்லதைத்தான் சொல்றேன், பொண்ணு பேர்ல தப்பு இருக்கலாம், இல்ல உங்க பேர்ல இருக்கலாம், ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க என்றார். நான்காவது எதிர்பார்ப்பை நான் தவறாகக் கற்பித்தேன், அது சக மாணவர்களிடம் மட்டுமே பயன்படுத்த வேண்டியது என்று எழுதிக் கையெழுத்திட்டால் அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தேர்வு எழுதலாம். மறுத்தால் தேர்வுப் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்கிவிடுவார்கள். என்னைத் தண்டிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அந்த அறையிலேயே பதில் சொல்லியிருப்பேன். அவர்கள் அதைச் சொல்லவில்லை. எங்கே பிடித்தால் நான் அசைய முடியாது என்பதை நன்றாகப் பார்த்துப் பிடித்தார்கள்.

அவளுடைய தாய் பிலோமின் பேருந்து நிறுத்தத்தில் பொரித்த ரொட்டியும் கொக்கோத் தேநீரும் விற்பவள், உனக்குத் தெரியும். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்தாள். வாத்தியாரே, நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தானே அவ செஞ்சா, இப்ப ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசிக்கிறீங்களே, உங்க பொண்ணுன்னா யோசிப்பீங்களா என்று கேட்டாள். வாசலில் நின்ற கெர்னிஷா உள்ளே வரவே இல்லை. சார், நீங்க தப்பாச் சொல்லிக் கொடுத்தேன்னு எழுதினா நான் தப்பாப் பேசினேன்னு ஆயிடும், வேண்டாம் சார் என்றாள். வாயை மூடுடி, இந்த வாய்தான் உன்னை இங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கு என்று தாய் அதட்டினாள். அந்த வாரம் நீயும் தொலைபேசியில், போட்டுத் தொலைங்கப்பா, ரிட்டயர் ஆக இன்னும் பதினாறு மாசம்தானே என்றாய். உன் மேல் கோபமில்லை. இருந்தது, இப்போது இல்லை.

கையெழுத்திட்டேன். அத்துடன் முடிந்தது என்று நினைத்தது என் முட்டாள்தனம். கெர்னிஷா கூட்டத்தில் சொல்ல வேண்டிய மன்னிப்புக் கடிதத்தைத் திரு. லூபினின் அலுவலகமே எழுதி அனுப்பியது. தலைவர் சொன்னதை நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று அதில் ஒரு வரி. அந்தக் கூட்டத்தில் அவரைச் சரியாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. தொடர்புத் திறன் ஆசிரியர் வேறு யார் இருக்கிறார்கள்? இதையே அவளோட வாய்மொழித் தேர்வா வெச்சுக்குங்க, உங்களுக்கும் வேலை மிச்சம் என்று தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். மூன்று நாள் மாலை, காலி வகுப்பில் அவளும் நானும். எங்க நிறுத்தணும் சார் என்று கேட்டாள். தவறாக என்ற சொல்லுக்கு முன்னால் சற்று நிறுத்தினால் எடுபடும் என்றேன். ஆம், அப்படித்தான் சொன்னேன். இதைச் சொல்லிக் கொடுத்தே பழகிய வாய்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பிசிறில்லாமல் பேசினாள். சரியான இடத்தில் நிறுத்தினாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பாருங்க, இதுதான் படிப்பு, இப்படித்தான் பேசக் கத்துக்கணும் என்று திரு. லூபின் மேடையிலேயே என்னிடம் கையை நீட்டினார். ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் கையைக் கொடுத்தேன். கழிப்பறைப் பூட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. நான் அச்சடித்த பதினோரு எதிர்பார்ப்புகளின்படி கணக்கிட்டால் அந்தப் பேச்சுக்கு இருபதுக்கு இருபது, ஒரு மதிப்பெண்கூடக் குறைக்க வழியில்லை. பதிவேட்டில் எழுதும்போது கெர்னிஷா பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், திட்டியிருந்தால்கூட, எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும். நன்றி சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இனி என் வகுப்பில் அவள் வாய் திறக்கப் போவதில்லை.

வரும் வியாழக்கிழமை அவளுக்கு முதல் தேர்வு. எழுதுவாள், தேறுவாள், எங்காவது ஒரு வேலையில் போய்ச் சேருவாள்.

நீங்கள் இருவரும் மனமொத்து நீண்ட காலம் நலமாக வாழ அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மார்புச் சளிக்கு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. இதற்குத் தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டாம். அம்மாவின் செபக்குழுவில் திருமதி சார்லமேனின் தங்கை இருக்கிறாள், இங்கே பேசுவது எதுவும் அங்கே போய்ச் சேரும். கடிதமாக எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது, ஆனால் நான் செய்தது சரி என்று மட்டும் எழுதாதே, மகளே. நீ சொன்னால் நான் நம்பிவிடுவேன்.

உன் அப்பா,
இக்னேஷியஸ் போலியஸ்