இரண்டு காலும் சமம்

2.2.81, திங்கள்

தந்திப் படிவக் கட்டு மறுபடி இளைத்திருக்கிறது. அடி அண்ணாமலையில் சாவோ பிரசவமோ, தந்தி எழுத என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். தபால் ஆபீஸ் குமாஸ்தா வீட்டில் படிவம் இல்லையென்றால் எனக்கு என்ன மரியாதை? அதற்காகவே ஒரு கட்டு வீட்டில் வைத்திருக்கிறேன். போன வாரம் பிரித்தது, பாதி இல்லை. அடுப்புப் பற்றவைக்க எடுக்கிறாயா என்று சரசுவைக் கேட்டேன். "எனக்கு வரட்டி இல்லியா, உங்க காகிதம் எதுக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெண்டாட்டி பொய் சொன்னால் எனக்குத் தெரியாதா?

5.2.81

மகள் உண்ணாமலை இன்றும் கேலிப்பரை மாட்டாமல் பள்ளிக்கூடம் போகப் பார்த்தாள். கைக்குழந்தையில் இளம்பிள்ளை வாதம் வந்த இடது கால். அதற்கென்றே இரும்புக் கம்பியும் தோல் வாரும் பூட்ஸுமாகச் செய்து வாங்கியது. "வலிக்குது நைனா" என்கிறாள். ஒன்றரை வருஷமாக இதே பாட்டு. பதினோரு வயதில் இவ்வளவு சோம்பேறித்தனமா? முதுகில் ஒன்று வைத்தேன். அழுதுகொண்டே மாட்டினாள்.

11.2.81

இது ஊனமுற்றோர் ஆண்டாம். செங்கம் ரோட்டு கேலிப்பர் பட்டறையை நாளை ஆபீஸ்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்களாம். போஸ்ட் மாஸ்டர் ராமகிருஷ்ணனுக்குக் காய்ச்சல். "ஆதிமூலம், எனக்குப் பதிலா நீங்க போய்ட்டு வந்துடுங்க" என்றார். வேறு யாரையாவது — என்று இழுத்தேன். "டீ பிஸ்கட் எல்லாம் குடுப்பாங்க" என்றார். அவருக்குத் தெரியாது. ஆபீஸில் யாருக்குமே தெரியாது. எனக்கு ஒரு பெண், ஆறாவது படிக்கிறாள் — அவ்வளவுதான் சொல்லிவைத்திருக்கிறேன்.

12.2.81, வியாழன்

இன்று பட்டறையில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

தகரக் கொட்டகை. நாங்கள் பத்துப் பேர் — தாலுகா ஆபீஸ், மின்சார வாரியம், பாங்க். உள்ளே போனேன். சுவர் முழுக்கக் கேலிப்பர்கள், ஆணியில் வரிசையாகத் தொங்குகின்றன. ஒன்றின் பூட்ஸ் என் உள்ளங்கையில் அடங்கும். "ரெண்டு வயசுப் புள்ளைக்கு சார்" என்றார் மேஸ்திரி வேடியப்பன். இத்தனை பிள்ளைகளா? இந்த ஒரு ஊர்ப் பக்கத்திலா? என் வீட்டில் மட்டும்தான் என்றல்லவா மூடி மூடி வைத்திருந்தேன்.

கம்பி வளைப்பதைக் காட்டினார். தோல் தைப்பதைக் காட்டினார். பிறகு அளவு அட்டைகள். வாதம் வந்த கால் சரியாக வளராது, நல்ல காலைவிடக் கட்டையாக நின்றுவிடும். எவ்வளவு கட்டை என்பதுதான் முக்கியம் என்றார். ஓர் அட்டையை உருவினார்.

"இத பாருங்க. இந்த ஆளு புள்ளைய கூட்டினு வரல. வீட்லயே அளவெடுத்துத் தபால்ல அனுப்பிக்கீறாரு. இருபத்திநாலு, இருபத்திநாலு. ரெண்டு காலும் சமமாம். சமம்னா எங்ககிட்ட இன்னாத்துக்கு வராரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்தபடியே அட்டையைப் பார்த்தேன். 4 என்ற எண்ணின் மேல்வாயை மூடி எழுதுவது என் பழக்கம்; அட்டையிலும் அப்படியே இருந்தது. கீழே என் கையெழுத்தை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது.

"புள்ளைய கூட்டினு வாங்கனு கார்டு போட்டோம். நேரமில்ல, பார்சல்ல அனுப்புங்கனு எழுதினாரு. மூணு மைலு தூரம் சார். அத மாட்டினா தொட இடுக்குல வளையம் அறுக்கும். குதிகாலு பூட்ஸ்ல படாது, தொங்கும். அந்தப் புள்ள இன்னா பாடு படுதோ."

அந்தக் கார்டை நான்தான் கிழித்தேன். கார்டு என்றால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆபீஸில் தபால் பை பிரிக்கும்போது என் கண்ணில் பட்டதே, நல்ல காலம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அளவு? தையல் டேப் இருபத்திரண்டே முக்கால் காட்டியது. பார்த்தேன். பார்க்காமல் இல்லை. எழுதிவிட்டால் என் பெண் நொண்டி என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும். நல்ல காலின் அளவையே இரண்டு தரம் எழுதினேன். போடப் போடப் பழகிவிடும் என்று நினைத்தேன்.

ஒன்றரை வருஷம். வலிக்குது நைனா, வலிக்குது நைனானு சொன்னாளே. அடிச்சேனே. பாவி நான், அந்தப் புள்ளைய அடிச்சேனே.

டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

13.2.81

நாள் முழுக்க முத்திரையில் நேற்றைய தேதியையே குத்தியிருக்கிறேன்.

15.2.81, ஞாயிறு

சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். எழுந்து போய்க் கேலிப்பரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "பூட்ஸுக்குள்ள கைய வுட்டுப் பாருங்க."

குதிகால் இடத்தில் ஒரு கட்டு. தந்திப் படிவங்கள். மடித்து மடித்து, நூல் சுற்றி, வியர்வையில் மஞ்சளாகி, மரக்கட்டை போல இறுகியிருந்தது.

"நசுங்க நசுங்கப் புதுசு வப்பா. நைனாகிட்ட சொல்லாதனு என்கிட்ட சத்தியம் வாங்கினா."

ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஒன்றேகால் அங்குலம். நான் எழுதாமல் விட்டது அவ்வளவுதான்.

உண்ணாமலை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என் கையில் கட்டைப் பார்த்ததும், "இனிமே எடுக்கமாட்டேன் நைனா" என்றாள்.

16.2.81

லீவு லெட்டரில் காரணம் எழுதினேன்: என் மகளின் கால் அளவு கொடுக்க. போஸ்ட் மாஸ்டர் படித்தார். எட்டி வாசலைப் பார்த்தார். அங்கே என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். "போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

பட்டறையில், அந்த அட்டை என்னுடையது என்றேன். வேடியப்பன் படிவக் கட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு வச்சது இத?"

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லும்மா என்றேன்.

"நான்தாண்ணா."

"சரியா வச்சிக்கீறே." அளந்து முடித்ததும் புது அட்டையையும் பென்சிலையும் என் பக்கம் நகர்த்தினார். "நீங்களே எழுதுங்க சார்."

இருபத்தைந்து. இருபத்திமூன்றே முக்கால். இந்த ஒன்றரை வருஷத்தில் வளர்ந்திருக்கிறாள். எழுதினேன்.

30.3.81, திங்கள்

புதுக் கேலிப்பர் வந்து இரண்டு வாரம். காலையில் பக்கத்து வீட்டு பலராமன் தந்தி எழுத வந்தார்; மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். கட்டை எடுத்தேன். புதுக் கேலிப்பர் வந்த அன்று பிரித்த கட்டு, தடிமன் கொஞ்சமும் இறங்கவில்லை. உண்ணாமலை எங்கே என்று கேட்டேன். தானே கேலிப்பரை மாட்டிக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போய் அரை மணி ஆகிவிட்டது என்றாள் சரசு.