மூன்றாம் வகுப்புக்கு அடித்த வெள்ளை

மாமல்லபுரம் அருகே
14.7.2025

அன்புள்ள ரேணுகாவுக்கு,

ரூத் எழுதுவது. நலம்தானே? இந்த வருடப் பழுதுபார்ப்பு வேலையெல்லாம் முடியும்வரை எந்தத் தலைமை ஆசிரியர் போனையும் எடுப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறாயாம். அதனால்தான் பள்ளித் தபாலுக்கு அடியில் இதைக் குண்டூசி குத்தி அனுப்புகிறேன். எங்கள் சத்துணவு அமைப்பாளர் கண்ணகி செவ்வாயும் வெள்ளியும் உங்கள் ஒன்றிய அலுவலகத்துக்கு வருவாள். பதிலை அவளிடமே கொடு.

போன மாதம் ஒன்றியப் பொறியாளராக நீ ஆய்வுக்கு வந்தபோது என் கையால் வஞ்சிரம் குழம்பு சாப்பிட்டாய். ரசத்துக்குப் பிறகும் குழம்பு கேட்டாய். அது இருக்கட்டும். வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. பத்தொன்பது பள்ளிகளுக்குக் கூரை வேலை. எங்கள் பள்ளி அதில் இல்லை. எங்கள் பெயருக்கு நேரே 'கூரை நன்று, ஜன்னல்களுக்கு வர்ணம்' என்று இருக்கிறது.

ஜன்னலுக்கு வர்ணமா? உப்புக்காற்று கீலையெல்லாம் தின்றுவிட்டது, நான்கு கதவுகளைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் மழை பெய்தால் சுவரோரம் யாரும் உட்கார முடியாது. சீலிங் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. அதன் கீழே இருபத்திரண்டு பிள்ளைகள். ஐப்பசி மழைக்கு முன் வேலை நடக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இருபத்துநான்கு வருடப் பழக்கம், எனக்கே இப்படிச் செய்யலாமா?

உன்
ரூத்


செங்கல்பட்டு
18.7.2025

அன்புள்ள ரூத்,

கண்ணகி உன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "மேடம், எங்க டீச்சர் ரொம்ப பேஜாரா கீறாங்க. நல்ல பதிலா எழுதிக் குடுங்க" என்று நகராமல் நின்றாள். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கண்ணால் பார்த்ததைத்தான் பட்டியலில் எழுதினேன். ஜூன் 24ஆம் தேதி உன் பள்ளியில் எந்த ஜன்னலிலும் கயிறு இல்லை. மூன்றாம் வகுப்பு சீலிங் பளிச்சென்று இருந்தது. சுவரெல்லாம் சார்ட். சிநேகா என்ற குட்டிப்பெண் வரவேற்புப் பாட்டுப் பாடினாள். வாசலில் நின்று கேட்டேன், கைதட்டினேன், நீ என்னை அடுத்த அறைக்குக் கூட்டிப்போய்விட்டாய்.

இப்போது கம்பி தெரிகிறது என்கிறாய். அன்றைக்கு அந்தக் கம்பி எங்கே போயிருந்தது? உண்மையைச் சொல்லடி. நாம் செங்கல்பட்டில் ஒரே அறையில் தங்கிப் படித்தபோது, வீட்டுக்கார அம்மா வரும் சத்தம் கேட்டால் உன் அழுக்குத் துணியையெல்லாம் என் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாய். திட்டு எனக்கு விழும். அது எனக்கு மறக்கவில்லை.

அறுபத்தொரு கட்டடம் பார்த்தேன். பட்டியல் கையெழுத்தாகி மேலே போய்விட்டது.

அன்புடன்
ரேணுகா


மாமல்லபுரம் அருகே
21.7.2025

என் ரேணு,

நீ பொல்லாதவள். சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய கம்பியும் கயிறும் மறைப்பதற்கு முன்பு இருந்த நிலை.

நீ வருவதற்கு மூன்று நாள் முன்பு கொத்தனார் சுப்பிரமணியைக் கூப்பிட்டேன். கம்பி தெரிந்த இடத்தில் சிமெண்ட் பூசி, மேலே இரண்டு கை வெள்ளையடித்தோம். ஓதம் ஏறிய சுவரில் சார்ட் ஒட்டினேன். ஜன்னல் கயிற்றை அவிழ்த்து, கதவு ஆடாமல் அட்டையை மடித்துச் செருகினேன். சுப்பிரமணி அப்போதே கேட்டார். "இன்னா டீச்சர், ரிப்பேர் பாக்க வர்றவங்களுக்கே ரிப்பேர மறைச்சா எப்டி?" நான்தான் பேசாமல் வேலையைப் பாருங்கள் என்றேன்.

அதிகாரி வருகிறார் என்றால் பெருக்கு, கழுவு, வெள்ளையடி. இருபது வருட வேலையில் கை அப்படியே பழகிவிட்டது. முன்பு ஒரு ஆய்வில் ஒட்டடை இருந்ததற்காகவே 'பராமரிப்பு போதாது' என்று என் பெயரில் எழுதிவிட்டுப் போனார்கள். இந்த முறை வருவது நீ என்றதும் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டேன். என் பள்ளியைப் பார்த்து நீ பெருமைப்பட வேண்டும் என்று ஆசை.

ஒரு வழி செய். டைப்பிங் தவறு என்று சொல்லி எங்கள் பெயரைச் சேர்த்துவிடேன். வேறு யாராவது அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளட்டும்.

ரூத்


செங்கல்பட்டு
25.7.2025

அன்புள்ள ரூத்,

யாரை எடுக்கட்டும்? பத்தொன்பதாவது பெயர் ஜெகதீசன் சாருடைய பள்ளி. நான் போனபோது ஒழுகும் இடத்துக்கெல்லாம் கீழே வாளி வைத்து, வெயிலிலும் எடுக்காமல் விட்டிருந்தார். உதிர்ந்த காரையைச் சாக்கில் கட்டி வாசலிலேயே வைத்திருந்தார். பள்ளி பார்க்கச் சகிக்கவில்லை. அதனால்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. அவர் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே.

என் தப்பும் உண்டு. உன் மூன்றாம் வகுப்பில் புதுச் சுண்ணாம்பு வாசம் எனக்கு அடித்தது. சுத்தியல் பையில்தான் இருந்தது. பாட்டுக்கு நடுவே போய் சீலிங்கைத் தட்டினால் உனக்கு அவமானமாக இருக்குமே என்று விட்டுவிட்டேன். துருப்பிடித்த கம்பிமேல் பூசிய சிமெண்ட் நிற்காது. எந்த நேரமும் பாளமாக விழும். முதலில் அந்த அறையைப் பூட்டு.

மறு ஆய்வுக்கு ஒரே வழிதான் இருக்கிறது. முன்பு என்ன நிலை, அது ஏன் தெரியாமல் போனது என்று தலைமை ஆசிரியர் எழுதிக் கொடுக்க வேண்டும். அது உன் பணிப்பதிவேட்டில் ஏறலாம். வட்டாரக் கல்வி அலுவலர் பதவி உயர்வுக்கு இந்த வருடம் உன் பெயர் போயிருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

ரேணுகா


மாமல்லபுரம் அருகே
28.7.2025

ரேணுகாவுக்கு,

என் கழுத்துக்கு நானே சுருக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறாய். இந்தப் பதவி உயர்வுக்காக எத்தனை வருடம் காத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் தாவீது, "உன் ஃப்ரெண்டு அவ வேலைய காப்பாத்திக்கினு உன்ன மாட்டி வுடுறா" என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

தட்டிப் பார்ப்பது உன் வேலை. நீ தட்டவில்லை. அறையைப் பூட்டிவிட்டு இருபத்திரண்டு பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது, உன் மேசைமேலா? இனி தபாலில் தபால் மட்டும்தான் வரும்.

ரூத்


செங்கல்பட்டு
8.8.2025

அன்புள்ள ரூத்,

பதில் வேண்டாம். ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன். உன் பள்ளி மூன்றாம் வகுப்புக் கூரையைத் தட்டிப் பார்க்காமலே 'நன்று' என்று எழுதிவிட்டேன் என நேற்று மேலே எழுதிக் கொடுத்தேன். விளக்கம் கேட்டு இன்றே மெமோ வந்துவிட்டது.

நீ வெள்ளையடித்ததை நான் எழுதவில்லை. அது நீ எழுத வேண்டியது. அது வராமல் மறு ஆய்வு நடக்காது, எனக்குத் திட்டு மட்டும்தான் மிச்சம். கோபம் இருந்தால் இருக்கட்டும். அறையைப் பூட்டினாயா?

ரேணுகா


மாமல்லபுரம் அருகே
18.8.2025

என் அன்பு ரேணு,

பூட்டவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலை பிள்ளைகள் வெளியே சுதந்திர தினத்துக்கு அணிவகுப்புப் பழகிக்கொண்டிருந்தார்கள். வகுப்புக்குள் மூட்டையை இறக்கியது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். சுப்பிரமணி பூசிய இடம் அப்படியே மூன்றாவது பெஞ்சின்மேல் கிடந்தது. அடியில் சிநேகாவின் பை. சிநேகா என் பின்னால் வந்து நின்று, "மிஸ், பாட்டில் ஒடஞ்சிச்சு, எங்கம்மா அடிக்கும்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணகி துடைப்பத்தோடு வந்தாள். "டீச்சர், நாளைக்கு கொடியேத்த பஞ்சாயத்து பிரசிடெண்ட் வர்றாரு. வாரிக் கொட்டிட்டு சுண்ணாம்பு தொட்டு வுட்டா ஒண்ணும் தெரியாது." என் வாயிலிருந்து வர வேண்டியது அவள் வாயிலிருந்து வந்தது. துடைப்பத்தை வாங்கி என் அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மறுநாள் வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். "இன்னா டீச்சர், இன்னிக்கு ஒரு நாளாவது பெருக்கி வெச்சிருக்கக் கூடாதா?" என்று பிரசிடெண்ட் கேட்டார். பெருக்கிப் பெருக்கித்தான் சார் இப்படி ஆனது என்றேன். மூன்றாம் வகுப்பு இப்போது என் அறையில் நடக்கிறது. நான் வராந்தாவில் மேசை போட்டுக்கொண்டேன்.

பள்ளித் தபாலில் மறு ஆய்வு கேட்டு என் கடிதம் இருக்கிறது. சிமெண்ட் பூசியது, வெள்ளையடித்தது, சார்ட் ஒட்டியது, நீ சொல்லியும் அறையைப் பூட்டாதது, எல்லாம் தேதியோடு எழுதியிருக்கிறேன். தாவீது படித்தார். குண்டூசி எடுத்துக் கொடுத்தார். பதவி உயர்வு போனால் வருத்தமாகத்தான் இருக்கும். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

சுத்தியலோடு வா. ஜன்னல்களுக்குப் பழையபடி கயிறு கட்டிவிட்டேன். இந்த முறை பாட்டும் கிடையாது, வஞ்சிரமும் கிடையாது. விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. உன் கட்டிலுக்கு அடியில் எதையும் தள்ளவில்லை.

உன்
ரூத்