மேல்தட்டுக்கு எட்டாத கை

ஜனவரி 12, திங்கள்

காலையில் நல்ல மழை. ஆய்வுகூடத்தில் மேசைக்கு நேர் மேலே ஒழுக்கு. ரொபோவைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்தோம்.

போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இன்றைய வேலைகள்:
– இடது சக்கரத்து ஆணி இறுக்குதல்
– பற்றரி இரண்டும் சார்ஜ்
– விண்ணப்பத்தில் பெயர்கள்

கடைசி வேலை மட்டும் நடக்கவில்லை. சேர் வந்து கேட்டார், "கோவிதாட பேரை வெட்டுவமா பிள்ளையள்?" மிதுனா என்னைப் பார்த்தாள். நான் சக்கரத்தைப் பார்த்தேன். "இரிக்கட்டும் சேர்" என்றேன். விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

கோவிதா போய் இன்றோடு இருபத்தைந்து நாள். டெங்கு. ஐந்து நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஐந்து நாளில் ஒரு ஆள் இல்லாமல் போகலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மத்தியானம் பாண், பருப்பு. சாப்பிடவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

வெயில். ஓட்டிப் பார்த்தோம். மூன்று நிமிடத்தில் ஒன்பது மண் பை, எல்லாம் கீழ்த்தட்டில். ஒன்பது புள்ளி. மிதுனாவுக்குச் சந்தோசம். எனக்கும் வந்திருக்க வேண்டும்.

எழுதியே விடுகிறேன். வாயால் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

போட்டி விதி: கீழ்த்தட்டில் வைத்தால் பைக்கு 1, மேல்தட்டில் வைத்தால் 4. விழுந்தால் 2 கழிவு. நான் கீழ்த்தட்டுக் கட்சி. கோவிதா மேல்தட்டுக் கட்சி. அவளுடைய அப்பா வாவியில் வலை போடுகிறவர். அவருடைய தங்கூசி, அதுதான் அந்த நைலோன் வலை நூல், அதைக் கொண்டு இழுபடுகிற ஒரு கை செய்து பூட்டினாள். இரண்டு தடவை அழகாகத் தூக்கும். மூன்றாம் தடவை தட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றுவிடும். பை தொப்பென்று விழும். நூலை இழுத்துக் கட்டினால் திரும்பவும் இரண்டு தடவை, திரும்பவும் தொப். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். "கொஞ்சம் பொறு கா, ஏனெண்டு கண்டுபிடிக்கிறன்" என்பாள். பொறுமைக்கும் எனக்கும் எந்தக் காலத்திலும் சரிவந்ததில்லை.

காய்ச்சல் என்று அவள் வராத முதல் நாளே கையைக் கழற்றி பிஸ்கட் ரின்னுக்குள் போட்டேன். அவளுக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். குரலே இல்லை. "கை வேலை செய்யுதா கா?"

"ஓம். நல்லா வேலை செய்யுது" என்றேன்.

அவளோடு நான் கடைசியாகப் பேசியது அது.

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். பானை கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது, அம்மாவுக்கு நிம்மதி. கோவிதா வீட்டில் இந்த வருசம் பொங்கல் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைட முப்பத்தொண்டாம் நாள். நீ கட்டாயம் போகோணும்" என்றா அம்மா. தலையிடிக்கிறது என்று போய்ப் படுத்தேன். அவளுடைய அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

ஜனவரி 16, வெள்ளி

கையை எடுத்துத் திரும்பவும் பூட்டினேன். மிதுனா கத்தினாள். "உனக்கென்ன விசரா கா? நீதானே கழட்டினாய்!"

ஓட்டினோம். ஒன்று, இரண்டு, மூன்றாவது தொப்.

"ஒன்பது புள்ளி உறுதியாக் கிடக்கு. முதல் மூணு இடத்துக்குள்ள வந்தா கொழும்பு. அவக்காகத் தோக்கப்போறியா?"

"ஓம்" என்பது வாய் வரை வந்தது. அவள் சொல்வது சரி. நானும் முன்பு அதைத்தான் சொன்னேன், அச்சொட்டாக இதே கணக்கு. தோற்றுப் போனால் எனக்குக் கொஞ்சம் ஆறும் போல. அதற்கு மிதுனா என்ன பாவம் செய்தாள்?

ஜனவரி 18, ஞாயிறு

முப்பத்தொன்று. கோவிதாவின் ஊர் களுதாவளைக்கு 9.10 பஸ். அம்மாவும் நானும்.

படையலில் இறால் பொரியல், பால்சோறு, அவள் விரும்புகிற நூடில்ஸ் ஒரு கோப்பை. ஆரோ ஒரு மாமி, "இந்தக் காலத்துப் பிள்ளையள்ட படையலைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவவே அழுதா.

கை கழுவப் பின்பக்கம் போனேன். வலை வைக்கிற கொட்டிலின் வளைமரத்தில் ஒரு தங்கூசி தொங்கியது. நுனியில் கருங்கல் ஒன்று. பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுடைய அப்பா பின்னால் வந்தார்.

"புதுத் தங்கூசி பாரம் பிடிக்கப் பிடிக்க நீளும் மகள். கல்லுக் கட்டி ரெண்டு மூணு நாள் தொங்கவிட்டா அடங்கிரும். அவக்கு அத நான் முந்தியே சொல்லல்ல, என்ர பிழை. காய்ச்சல் தொடங்கின அண்டு வந்து கேட்டவ. சொன்னன். அவவே கட்டினவ. அவிழ்க்க மனம் வரல்ல."

இரண்டு விரல். நூல் நீண்டிருக்கிறது. கையில் ஒரு பிழையும் இல்லை.

"மாமா, நான் அந்தக் கையைக் கழட்டிப் போட்டன். அவ கேட்டதுக்குப் பொய் சொன்னன்." எப்படியோ வந்துவிட்டது.

"தெரியும் மகள். மிதுனா போன்ல படம் அனுப்பினவவாம், எனக்கும் காட்டினவ. 'கழட்டட்டும் அப்பா, நூல் அடங்கினாப் பிறகு நான் போய்ப் பூட்டுவன்' எண்டவ."

தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி விட்டிருக்கிறாள். நான் "நல்லா" என்று வேறு சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

மாமா நூலை அறுத்து, நாலு விரலில் சுற்றி, பேப்பரில் மடித்துத் தந்தார். கல்லை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

வானம் மப்பு. அந்த நூலைப் பூட்டினோம். மேல்தட்டில் மூன்று, கீழ்த்தட்டில் ஒன்று. பதின்மூன்று புள்ளி. திரும்பவும் பதின்மூன்று. ஆறு ஓட்டம், ஒரு பையும் விழவில்லை. மிதுனா கொப்பியில் ஒன்பதை வெட்டினாள். "அவ போன்ல கேட்டதை எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே" என்றாள். "நீ படம் அனுப்பினதைச் சொன்னியா?" என்றேன். இரண்டு பேரும் பற்றரி கழற்றினோம்.

ஜனவரி 24, சனி

போட்டி. கல்லடிப் பாலத்தில் காற்று, ரொபோப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனோம்.

பதின்மூன்று புள்ளி. ஒரு பை கூட விழவில்லை. ஆனாலும் நாலாம் இடம். வேறு பாடசாலைகள் பதினெட்டு, இருபது எடுத்தார்கள். கொழும்பு இல்லை.

ஒரு நடுவர் கையைக் குனிந்து குனிந்து பார்த்தார். "இத வடிவமைச்சது ஆர்?"

"கோவிதா, சேர்."

"கெட்டித்தனம். எங்க அவ? கூப்பிடுங்க, ஒரு கேள்வி இரிக்கு."

"வர ஏலாது சேர்" என்றாள் மிதுனா. அவர் தாளில் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

திரும்பும்போது களுதாவளையில் பஸ் நின்றது. மாமா சைக்கிளோடு நின்றார். எந்த பஸ் என்று யார் சொன்னார்களோ, எவ்வளவு நேரம் நின்றாரோ. யன்னலுக்குக் கிட்ட வந்தார். எத்தனையாம் இடம் என்று கேட்கவில்லை.

"கை வேலை செய்ததா மகள்?"

"ஓம் மாமா. நல்லா வேலை செய்தது."

தலையை ஆட்டினார். டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான்.