கயிறு அறுந்ததென்று எழுதாதே

பூண்டுலோயா
20.03.2025

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். நீயும் அந்தக் கனடாப் பனியில் நெஞ்சுச்சளி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க இறம்பொடை அனுமாரை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நீ பாதியில் அழுவாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். இது பாதியில் நிற்கக் கூடாத விஷயம்.

புள்ளிவிபரவியலோடு துணைப்பாடமாக மத்திய கால, மறுமலர்ச்சிக் கால ஐரோப்பியப் பண்பாடும் படிக்கிறேன் என்று நீ சொன்னபோது, "அந்தக் காலத்து வெள்ளக்காரன் கதையப் படிச்சா யாரு வேல தருவா" என்று அம்மா சிரித்தாள். எனக்கு ஆசையாக இருந்தது. ஊர் கூடி ஆடிய பைபிள் கதைக் கூத்துகளில் ஆளுக்கொரு காட்சியைத் தொழில்காரர்கள் பிரித்துக்கொண்டதையும், ஆணி செய்கிறவர்களே இயேசுவைச் சிலுவையில் அறையும் காட்சியை ஆடியதையும் நீ சொல்லக் கேட்டு இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைக் கடித்துக் கொன்ற பன்றியை விசாரித்துத் தூக்கிலிட்ட கதையையும் மறக்கவில்லை. கடைசிக் கட்டுரையில் நம் காமன் கூத்தை அவற்றோடு ஒப்பிடப்போகிறேன், இந்த வருஷக் கூத்தை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்புங்கள் அப்பா என்றாய். ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

உன் பேராசிரியருக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். மன்மதனைச் சிவன் எரிக்கும் கதை இது. சிவனுடைய கோபம் வீரபத்திரனாக ஓடி வரும். அந்த வேஷக்காரன் மேல் சாமி இறங்குவதால் அவன் இடுப்பில் வடக்கயிறு கட்டி, விரதமிருந்த நான்கு பேர் பின்னால் இழுத்துப் பிடிப்பார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சாமி மலையேறும் வரை கயிறு தளரக் கூடாது, அதுதான் நம் தேயிலைத் தோட்டத்து முறை. இளந்தாரிகள் எல்லாம் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டதால் இந்த முறை ஆள் போதவில்லை. அறுபத்தாறு வயதில் கயிற்றின் கடைசி முனையை நான் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். வீரபத்திரன் வழக்கம்போல் உன் சித்தப்பா ஜீவராஜ். மன்மதன் கீழ்க்கணக்குத் தொழிலாளர் லயத்து வினோஜன். சித்தப்பாவின் மகள், உன் தங்கச்சி லோஜினி, கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று தன் அப்பாவிடம் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. "அவன் கால ஒடிச்சுத் தேயிலைக்கு ஒரமாப் போடுறேன்" என்று சித்தப்பா, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் கத்தியிருந்தான். போன வருஷம் வரை அவன் கையில் இருந்தது முருங்கைக் கட்டையில் செய்த லேசான வாள். இந்த வருஷம் முற்றிய தேயிலையின் அடிக்கட்டையைச் செதுக்கியிருந்தான். அந்தக் கனத்தைப் பார்த்தேன், ஏனென்று கேட்கவில்லை.

விடியும் நேரம், தப்பு மேளம் உச்சத்தில் இருந்தது. சாமி வந்தவன் யாரையும் முறை சொல்லிக் கூப்பிட மாட்டான். போன வருஷம் என்னையே "அடே பாலகா" என்றான். இந்த வருஷம் துள்ளிக்கொண்டே பின்னால் திரும்பி, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அண்ணே, கொஞ்சம் விடுங்க" என்றான். பேசியது சாமி இல்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் அம்மா சாகும்போது அவனுக்கு ஏழு வயது, அன்றிலிருந்து அவன் கேட்ட எதையும் நான் மறுத்ததில்லை. அந்தப் பழக்கத்தில் என் கை திறந்தது மகள். மற்ற மூவரும் சேற்றில் இழுபட்டு விழுந்தார்கள். முதல் அடி வினோஜனின் தாடையில், விறகு பிளக்கிற சத்தம். இரண்டாவது இடது கண்ணில். விழுந்தவன் கையைத் தூக்கி மறைத்தான், மூன்றாவது அடியில் அந்தக் கை முழங்கைக்குக் கீழே மடங்கியது. கரும்பு வில் அவனுக்கு அடியில் நொறுங்கியது, முகத்து அரிதாரம் இரத்தத்தில் கரைந்து ஓடியது. தப்பு நிற்கவில்லை, பெண்கள் குலவை போட்டார்கள், எல்லோரும் அதைக் கூத்து என்றே நினைத்தார்கள். லோஜினி மட்டும் அலறினாள். நான் அசையாமல் நின்றேன்.

வினோஜனைக் கண்டி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். கண் போய்விட்டது, தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. பொலிஸ் வந்தபோது கோயில் தலைவர், "சாமி அடிச்சதுக்குக் கேஸ் என்னங்க மாஸ்டர்" என்று என் முகத்தைப் பார்த்தார். கயிறு அறுந்துவிட்டது என்று முதலில் சொன்னவன் நான்தான். சிங்களத்தில் எழுதி நீட்டினார்கள், கையெழுத்தும் போட்டேன். அந்தக் காலத்தில் பன்றியைக்கூட நிறுத்தி விசாரித்தார்கள், நாங்கள் ஒரு மனிதனை விசாரிக்காமல் இருக்கச் சாமியைக் காட்டினோம். வகுப்பில் கண்ணாடி உடைந்தால், அது தானாக உடைந்தது சார் என்கிற பிள்ளையை முப்பது வருஷம் வாசலில் நிறுத்தியவன் நான்.

லோஜினி உதடு வீங்கி நம் வீட்டுக்கு வந்துவிட்டாள், அவளையும் சித்தப்பா அடித்திருக்கிறான். உன் அறையில்தான் இருக்கிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று என்னிடம், "பெரியப்பா, சாமி உங்க காதுல என்ன சொல்லிச்சு" என்று கேட்டாள். அவன் திரும்பியதை அவள் பார்த்திருக்கிறாள். எழுந்து போய், பெட்டியில் ஒளித்து வைத்திருந்த கயிற்றை எடுத்து வந்து அவள் முன்னால் போட்டேன். ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை.

இன்று காலை பஸ்ஸில் கயிற்றோடு பொலிசுக்குப் போகிறேன், இந்தக் கடிதத்தை வழியில் தபாலில் போடுவேன். விஷயம் எப்படியோ வெளியே போய், நேற்றுப் பின்னேரமே நம் கூரையில் கல் விழுந்தது. "கூடப் பொறந்தவன உள்ள தள்ளப் போறீங்களா" என்று அம்மா அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கயிற்றைச் சாக்கில் சுற்றிக் கட்டித் தந்தாள். பொய் எழுதிக் கொடுத்ததற்கு என்னையும் பிடித்து வைத்தால் பயப்படாதே, அம்மாவுக்கு லோஜினி துணை.

இதற்காக அந்தப் பாடத்தை விட்டுவிடாதே. உன் சித்தப்பா என்பதற்காக நல்லதை மட்டும் பொறுக்கி எழுதவும் வேண்டாம். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, பரீட்சை நேரத்தில் பட்டினி கிடக்காதே. அனுமார் உன்னைக் காக்கட்டும், படிப்பு உனக்குக் கைகொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. கட்டுரையில் இந்த இடம் வரும்போது கயிறு அறுந்ததென்று எழுதாதே. பிடித்திருந்தவர் விட்டார் என்று எழுதி, கீழே என் பெயரை முழுதாகப் போடு.

உன் அப்பா,
கருப்பையா இராமையா