கல்லை எடுத்துவிட்டுத் துணியை வைத்த படகு

'மிஸ் பெக்கி' படகு,
காங்கிள்டன் கரை,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் ரோசலிண்டுக்கு,

இங்கே அப்பா, நான், உன் தங்கை ஹெட்டி மூவரும் ஈரம்படாத காலும் நிறைந்த வயிறுமாக நன்றாக இருக்கிறோம். ஹோபார்ட்டில் நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால்தான் எனக்குத் தேநீர் இறங்கும். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. மதகு ஒன்றில் தண்ணீர் திறக்கும்போது இரும்புக் கைப்பிடி என் பிடியிலிருந்து நழுவிச் சுழன்று மணிக்கட்டில் ஒரு போடு போட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, வீக்கம்தான். அதனால் நான் சொல்லச் சொல்ல ஹெட்டி எழுதுகிறாள். பதினாறிலேயே பள்ளியை விட்டவள் என்றாலும் எழுத்து என்னுடையதைவிட அழகு. இந்த வரியை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், இரண்டு பிஸ்கட் கொடுத்த பிறகு எழுதினாள். அவளைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. தண்ணீர்க் குழாயடியில் யாராவது காலை வணக்கம் சொன்னால்கூட வாளியை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே ஓடி வருகிறவள். பூமியின் அந்தப் பக்கத்தில் உனக்குக் கோடை ஆரம்பித்திருக்கும், தொப்பி போடாமல் வெயிலில் அலையாதே. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வந்ததும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுக்காமல் ஏதாவது சூடாகச் சாப்பிடு.

போன கடிதத்தில் "அம்மா, பேசாம எல்லாத்தையும் வித்துடு, படகுல இருக்கறவங்களுக்கு ரெண்டு பேண்ட், ஒரு ஸ்வெட்டர் போதும்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துக்காட்டியபோது அப்பா ஜன்னலைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டார், ஏனென்றால் வீட்டை விற்றுப் படகு வாங்கலாம் என்று அவர் ஆரம்பித்த நாளில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், என் துணியெல்லாம் என்னோடு வரவேண்டும். அவரும் யோசிக்காமல் சரி என்றார். நான் தேடித் தேடிச் சேர்த்த பழங்காலத்து உடைகள் மாடியில் இரண்டு அறை நிறைய இருந்தது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மனிதர் படகின் நீளத்தைப் பார்த்தாரே தவிர அகலத்தைப் பார்க்கவில்லை. நடுவில் நின்று கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் விரலில் தட்டும். அதற்குள் என் நடனக் கவுன்கள், இடுப்பு இறுக்கிய பாவாடைகள், கம்பளிக் கோட்டுகள், பித்தளைப் பொத்தான் வைத்த மழைக்கோட்டுகள் எல்லாம் குடியேற வேண்டும். முதலில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கம்பி அடித்து எல்லாவற்றையும் மாட்டினார். அன்று மதியம் பட்டாணி வைத்தேன், தட்டில் இருந்த பட்டாணியெல்லாம் வரிசையாக உருண்டு அப்பாவின் மடியில் விழுந்தது. படகு துணிப்பக்கம் சாய்ந்துவிட்டது. சரி என்று பாதியை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். படகு நிமிர்ந்தது, நடக்க வழிதான் இல்லை. அடுப்படிக்கும் படுக்கைக்கும் இடையில் நண்டு போலப் பக்கவாட்டில் போக வேண்டியிருந்தது. ஒருநாள் அப்பா இரண்டு கவுன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, "மோரீன், என்னய யாராவது நடனமாடக் கூப்டாங்களா, இல்ல பிடிச்சு வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். அதோடு சுவரில் வேர்க்கிற ஈரம் பட்டு, கோட்டுகளின் முதுகில் பூசணம் வேறு.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஒரு நாள் நானும் ஹெட்டியும் கடைக்குப் போய்விட்டு வந்தால் படுக்கையறைத் தரைப்பலகை எல்லாம் கழற்றிக் கிடக்கிறது. அப்பா முழங்காலில் உட்கார்ந்து, அலாவுதீன் குகையைக் கண்டவர் போலச் சிரிக்கிறார். "இதுக்குக் கீழ எவ்ளோ இடம் பாத்தியா? இத்தன நாளா வெறும் செங்கல்ல அடுக்கி வச்சு வீணாக்கியிருக்காங்க." காற்றை உறிஞ்சி எடுத்துவிடும் பிளாஸ்டிக் பைகளை வாங்கி வைத்திருந்தார். அவற்றில் கவுன்களை அமுக்கி அமுக்கி அப்பளம் போலத் தட்டையாக்கி, செங்கல் இருந்த இடத்தில் அடுக்கினோம். படுக்கையறையில் ஆரம்பித்து முன்பக்கம் வரை போய்விட்டார். கல்லையெல்லாம் கரையோரத்தில் பீட்சா அடுப்பு கட்டிக்கொண்டிருந்த ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவர் நன்றி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது, அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. எனக்கும்தான். நடக்க வழி கிடைத்தது, பாதிக் கோட்டுகள்தான் வெளியே. அப்பா சுக்கானைப் பிடித்துக்கொண்டு, "படகு இப்ப எப்டி லேசா ஓடுது பாரு, வயசு கொறஞ்ச மாதிரி" என்று பெருமைப்பட்டார். கரையிலிருந்து படகில் ஏறக் கால் முன்னைவிட உயரத் தூக்கவேண்டியிருந்தது. எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டேன்.

குளிர்காலத்துக்கு இங்கே காங்கிள்டனில் இடம் பிடித்திருந்தோம். அதைவிட முக்கியம், ஹெட்டிக்கு இங்கே ஒரு ரொட்டிக்கடையில் வேலை கிடைத்திருந்தது. கேட்டது நான், வேலை அவளுக்கு. திங்கட்கிழமை காலையில் வந்து நிற்க வேண்டும், வரவில்லையென்றால் வேறு பெண் காத்திருக்கிறாள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பள்ளியை விட்ட பிறகு அவள் வாயிலிருந்து சரி என்று வந்த முதல் விஷயம் அது. இங்கே வர ஸ்டோக் தாண்டியதும், மலைக்கு அடியில் கால்வாய் போகும் அந்தத் தாழ்ந்த சுரங்கத்தைக் கடந்தாக வேண்டும். சனிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். மறுநாளிலிருந்து பழுதுபார்க்க மூடுகிறார்கள், வசந்தம் வரை திறக்க மாட்டார்கள் என்பதால் படகுகள் வரிசையாக நின்றன. சுரங்க வாய்க்கு முன்னால் ஓர் அளவுச் சட்டம் தொங்கும், அதில் இடிக்காத படகுதான் உள்ளே போகலாம். நம் படகு மெதுவாகப் போய் அதில் டங்கென்று இடித்தது. புகைக்குழாயைக் கழற்றினோம், கூரைமேல் இருந்த சைக்கிளையும் பூந்தொட்டிகளையும் இறக்கினோம், மறுபடி டங். சுரங்கக் காவல் பார்க்கும் யுவோன் என்கிற அம்மாள் மஞ்சள் கோட்டோடு கரையில் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, உங்க படகு எதுக்கு இப்டி கழுத்த நீட்டிக்கிட்டு நிக்குது? தண்ணிக்குள்ள அழுத்திப் பிடிக்க அடியில பாரம் இருக்குல்ல?" என்று கேட்டார். அப்பா இருக்கிறது என்றார். என்ன பாரம் என்றார் அவர். துணி என்றார் அப்பா. "கல்லு எங்க?" "பீட்சா அடுப்புல இருக்கு." வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், யுவோன் மட்டும் சிரிக்கவில்லை. "உள்ள நடுவுல கூரை இன்னும் தாழும். இப்டியே விட்டா நீங்க மாட்டிக்குவீங்க, உங்க பின்னாடி வர்றவங்களும் மாட்டிக்குவாங்க. நாலு மணிக்குள்ள படகு கீழ எறங்கினா விடறேன். இல்லன்னா வசந்தத்துல பாக்கலாம்."

தண்ணீர்த் தொட்டியை வழிய வழிய நிரப்பினார் அப்பா, கொஞ்சம்தான் இறங்கியது. வரிசையில் நிலக்கரி விற்கும் படகும் நின்றது. அதன் சொந்தக்காரர் சைலஸ், மூட்டைகளை அந்தப் பக்கம் போகும்வரை கடனாகத் தருகிறேன், உள்ளே தரையடியில் அடுக்கினால் படகு உட்காரும் என்றார். நல்ல மனிதர். ஆனால் மூட்டை வைக்க இடம் வேண்டுமே. இடமெல்லாம் நான். சுரங்க வாசலில் என் துணியை இறக்கி வைக்க ஒரு கொட்டகைகூடக் கிடையாது, தூறல் வேறு ஆரம்பித்துவிட்டது. அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "நான் வாக்குக் குடுத்தவன், மோரீன். இங்கயே குளிர்காலத்த ஓட்டிடலாம், ஹெட்டிக்கு வேற வேல பாத்துக்கலாம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.  ஹெட்டி திங்கட்கிழமைக்கு என்று துவைத்துத் தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய துணிகளைத் தானமாக வாங்கி விற்கும் பக்கத்து ஊர்த் தர்மக் கடைக்கு நான் போன் போட்டேன். வேன் அனுப்புகிறோம், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இதை உன்னிடம் மறைக்க மாட்டேன் ரோசலிண்ட், போனை வைத்ததும் முதல் பையைத் திறந்தேன், காற்று உள்ளே போய் மரகதப் பச்சைக் கவுன் மூச்சு வாங்கியது போல உப்பி எழுந்தது, எனக்கு அதற்கு மேல் ஒரு பையும் திறக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, நிமிர்ந்து பார்த்தால் ஹெட்டி இல்லை. வழக்கம்போல எங்காவது ஒளிந்துகொண்டாள் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், கரையில் அடுத்த படகின் கூரையைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். (இதை எழுதாதே என்கிறாள். எழுது என்றால் எழுது.) அவள் சொன்னதை அந்தப் படகின் பாலின் என்கிற பெண்மணி பிறகு என்னிடம் அப்படியே நடித்துக் காட்டினாள். காது மடல் சிவந்து, காலணியைப் பார்த்துக்கொண்டே, "எங்க அம்மா துணியக் கொஞ்சம் ஒங்க படகுல ஏத்திக்கிறீங்களா, அந்தப் பக்கம் வந்து வாங்கிக்கிறோம், அழுக்கெல்லாம் இல்ல." எவ்வளவு என்று கேட்டாளாம் பாலின். "நெறைய" என்றாளாம் இவள். அதைக் கேட்டுச் சிரித்துத்தான் பாலின் ஒத்துக்கொண்டாள். இப்படியே ஒவ்வொரு படகாகத் தட்டிக்கொண்டு வரிசையின் கடைசி வரை போயிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் மனிதர்கள் எறும்பு வரிசையாக வந்து பைகளையும் ஹேங்கர்களையும் வாங்கிக்கொண்டு போனார்கள். இந்தப் பக்கத்தில் சைலஸ் மூட்டை ஏற்றினார். கரி தூசி பட்டுவிடும் என்று அவர் படகில் மட்டும் எதுவும் ஏற்றவில்லை, அதில் மனிதருக்கு ஒரே மனத்தாங்கல், "எனக்கு மட்டும் ஒண்ணும் கெடையாதா, நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று. ஒரு கட்டம் போட்ட வெயிஸ்ட்கோட் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன். மூன்றாவது முறை சட்டத்தின் அடியில் போனோம், சத்தமே இல்லை. யுவோன் கையைக் காட்டி விட்டுவிட்டார். வேன்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அப்பாவின் பழைய கால்சட்டைகளைக் கொடுத்தனுப்பினோம், அப்பாவுக்கு அது இன்னும் தெரியாது, நீயும் சொல்லாதே.

எங்கள் படகுதான் முதலில் வெளியே வந்தது. கரையில் கட்டிவிட்டு அந்தத் துரு நிறத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், இதில் ஒரு கவுன் விழுந்தாலும் போச்சு என்று. சுரங்கத்துக்குள்ளிருந்து அடுத்த விளக்கு வந்தது. பாலின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ரப்பர் பூட்ஸுக்கு மேலே என் மரகதப் பச்சைக் கவுன். "உள்ள என்னா குளிரு, கைக்குக் கெடைச்சத மாட்டிக்கிட்டேன், கோச்சுக்காத" என்றாள். அவளுக்குப் பின்னால் வந்த படகில் கிளெமென்ட் என்கிற தாடிக்காரர், பெரிய உருவம், வாத்தியக்காரர்கள் போடுகிற ஜிகினாக் கோட்டில். அது எனக்கே ஒருபோதும் பொருந்தியதில்லை, அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படகிலும் ஒருவராவது எதையாவது போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். ஒருவரைப் பார்த்து மற்றவருக்கு ஆசை வந்திருக்கிறது. அந்தத் துணிகளை நான் மாட்டி வைத்துப் பார்த்திருக்கிறேன், மடித்து வைத்துப் பார்த்திருக்கிறேன், கையை வீசிக்கொண்டு கயிறு கட்டுவதையும் குனிந்து நிமிர்வதையும் பார்த்ததில்லை. மடித்துக் கொண்டுவந்து நீட்டியபோது வாங்கிக்கொள்ள எனக்குக் கை எழவில்லை. பாலின் கவுனைக் கழற்ற மனமில்லாமல், "இத எப்பத் திருப்பித் தரணும்?" என்று கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஹெட்டியின் குரல், "மாசக் கடைசில குடுங்க. அப்பறம் வேற எடுத்துக்கலாம். துவைக்கறதுன்னா கையாலதான் துவைக்கணும்." திரும்பிப் பார்த்தேன், தன் குரலைக் கேட்டுத் தானே பயந்தது போல நின்றாள். கிளெமென்ட், "என் கோட்டுக்கு மாசக் கடைசியெல்லாம் கெடையாது, பொதைக்கும்போது கழட்டிக்கோங்க" என்றுவிட்டார்.

இப்படித்தான் என் துணிகள் இப்போது கால்வாய் நெடுகக் குடியிருக்கின்றன. எங்கள் அலமாரியில் நான் உடுத்துவது மட்டும் இருக்கிறது, தரைக்கு அடியில் அப்பா புதுக் கல் வாங்கி அடுக்கிவிட்டார், பட்டாணி தட்டிலேயே நிற்கிறது. ஹெட்டி திங்கட்கிழமை வெள்ளைச் சட்டையோடு ரொட்டிக்கடைக்குப் போனாள், கல்லாவில் இல்லை, பின்னால் மாவு பிசைகிற இடத்தில், அதுவே அவளுக்குப் பிடித்திருக்கிறதாம். வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைப் பாதையில் எந்தக் கவுன் எந்தப் படகில் என்று பார்த்துவிட்டு வருகிறாள், எல்லாம் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். நேற்று மழைவிட்ட நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் இதுவரை நான் பார்த்தே இராத ஒரு பெண், ஹெட்டி வயது இருக்கும், என் நீல மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், எப்படி எத்தனை படகு மாறி அவளிடம் போனதோ. கோட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று கையை நீட்டினேன். அவள் என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, "ஹெட்டி இருக்காளா?" என்று கேட்டாள். இந்தப் படகில் ஹெட்டியைத் தேடி ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை. நான் வழிவிட்டு நின்றேன். இரண்டு பேரும் கரையில் நடந்து போனார்கள், நான் அடுப்பில் வைத்த சூப் ஆறிப்போகும்வரை திரும்பி வரவில்லை. இதையும் எழுதாதே என்கிறாள், ஆனால் எழுதிக்கொண்டேதான் இருக்கிறாள் பார்.

என் கண்ணே, நீ நீடு வாழ வேண்டும், நோய்நொடி உன் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்க வேண்டும். அப்பாவும் தன் ஆசியைச் சேர்த்து எழுதச் சொல்கிறார். ஈஸ்டருக்கு வருவதாகச் சொன்னதை மறந்துவிடாதே, டிக்கெட்டைச் சீக்கிரம் எடு. பெட்டியில் துணி மட்டும் கொண்டு வராதே. இங்கே வந்து ஹெட்டியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா மோரீன்
(எழுதியது ஹெட்டி. எல்லாம் அம்மா சொன்னபடியே, பிஸ்கட் மட்டும் மூன்று.)