முப்பத்தைந்து வார்த்தை

முத்தாண்டிக்குப்பம்,
8.1.2017

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மற்றபடி வீட்டில் குறையில்லை. பனியில் வெறுங்காலோடு நடக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னது. அங்கே யாரும் வெறுங்காலோடு நடப்பதில்லை என்று நானும் எத்தனை தடவைதான் சொல்வது.

இதைப் போனில் பேச முடியாது. நீ கூப்பிட்டாலே அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லும். சங்க விஷயம் காதில் விழுந்தால் "உனக்கு ஏண்டா ஊர் வம்பு" என்று தொடங்கிவிடும். அதனால்தான் தாளில் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே எழுது.

சுரங்க ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். சிரிக்காதே. முதல் வேலையாக ஒரு மனு எழுதினேன். வடக்கேயிருந்து லாரி லாரியாக ஆள் இறக்குகிறார்கள். தகரக் கொட்டகையில் இருபது பேரை அடைத்து, நமக்குக் கொடுப்பதில் பாதிக் கூலி கொடுக்கிறார்கள். நம் குப்பத்துப் பையன்கள் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு டீக்கடையில் குந்தியிருக்கிறார்கள். வடக்கத்தியான் வேண்டாம் என்று நேராக எழுதினால் எடுபடாது. ஆகவே, 'பாதுகாப்புப் பலகைகளைப் படிக்க வேண்டியிருப்பதால், இனிப் புதிதாகச் சேர்க்கப்படும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்' என்று போட்டேன். தலைவர் ஜெயராமன் அண்ணன் என் முதுகில் தட்டி, "இது மண்டையா, என்னா இது" என்றார்.

உன் படிப்பு எந்த மட்டில் இருக்கிறது? ஏதோ அமெரிக்காவின் பழைய கதை என்று மட்டும்தான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்
இளவழகன்

—

ஐயோவா சிட்டி,
22.1.2017

அன்புள்ள அண்ணனுக்கு,

செயலாளர் ஆனதில் எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் உன் மனு எனக்குச் சரியாகப் படவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

நான் படிப்பது நூறு வருஷத்துக்கு முந்திய அமெரிக்காவை. அப்போது இங்கே நல்லவர்கள் நிறையப் பேர் கிளம்பினார்கள். ஆலையிலிருந்து குழந்தைகளை விடுவிக்கப் பாடுபட்டார்கள், எட்டு மணி நேர வேலை கேட்டார்கள், சேரிகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த நல்லவர்களில் பலரே, வெளியூர் ஏழைகள் வருவதை நிறுத்து என்றும் கேட்டார்கள். இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்தவர்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் குறைந்த கூலிக்கு இறங்கியதால், சங்கங்களும் கேட்டன. என்ன கேட்டார்கள் தெரியுமா? படிக்கத் தெரிகிறதா என்று சோதனை வை என்றார்கள். 1917இல், போர் வெறி ஏறியிருந்த சமயத்தில், ஜனாதிபதி மறுத்தும் சட்டம் வந்துவிட்டது. ஓர் அட்டையில் முப்பதிலிருந்து நாற்பது வார்த்தை, அவரவர் மொழியில். படித்தால் உள்ளே. இல்லையென்றால் கப்பல். கதவைச் சாத்தியதோடு நிற்கவில்லை. மறு வருஷம் இந்த ஐயோவாவில் தொலைபேசியில் ஜெர்மன் பேசிய பெண்களுக்கு அபராதம் போட்டிருக்கிறார்கள்.

இங்குள்ள ஆவணக் காப்பகத்தில், அந்தக் காலத்துச் சுரங்கச் சங்கச் செயலாளர் ஒருவரின் கடிதங்கள் ஒரு பெட்டியில் கிடைத்தன. தங்கமான மனிதர். வேலைநிறுத்தத்தில் எல்லார் வீட்டுக்கும் ரொட்டி சுமந்திருக்கிறார். அவரும் இந்தச் சோதனையைக் கேட்டிருக்கிறார். பிறகு என்ன செய்தார் என்பது பெட்டியில் இல்லை.

அண்ணா, அம்மாவும் ஒப்பந்தக் கூலிதான், அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதை யோசித்தாயா?

உன் தங்கை,
எழில்மதி

—

முத்தாண்டிக்குப்பம்,
26.2.2017

பாப்பா,

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன் என்றால் கோபம் என்றுதான் அர்த்தம்.

சுரங்கத்தில் கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அம்மா பதினெட்டு வருஷமாக அள்ளுகிறது. அப்பா செத்த பிறகு அந்தக் கரியில்தான் நீயும் நானும் படித்தோம். அதை மறந்து மனு எழுதுவேனா? 'புதிதாகச் சேர்க்கப்படும்' என்று எழுதியிருக்கிறேன். திரும்பப் படித்துப் பார். நீ அங்கே கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நூறு வருஷத்துப் பிணத்தை அறுக்கிறாய். இங்கே உயிரோடு இருக்கிறவனுக்கு வேலை வேண்டும்.

கன்சாஸில் அந்த ஐதராபாத் இன்ஜினியரைச் சுட்டதை டிவியில் பார்த்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. என் நாட்டை விட்டுப் போ என்று கத்திச் சுட்டானாம். நான் யாரையும் சுடவில்லை. அவனையும் என்னையும் ஒரு தட்டில் வைக்காதே. உன் ஆய்வில் என் பெயரையோ மனுவையோ இழுக்கவும் கூடாது.

இளவழகன்

—

ஐயோவா சிட்டி,
5.3.2017

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னை அவனோடு சேர்க்கவில்லை. அப்படிப் பட்டிருந்தால் மன்னித்துக்கொள். உன் பெயரை எழுத மாட்டேன், சத்தியம்.

அந்த வாரம் நானும் பயந்துதான் கிடந்தேன். கடைக்குப் போகவில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த 1917 சட்டத்தில்கூட, உள்ளே விடப்பட்டவனின் தாய்க்கும் மனைவிக்கும் சோதனை கிடையாது. அவ்வளவு கடுமையானவர்களே அதை மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

மதி

—

முத்தாண்டிக்குப்பம்,
16.4.2017

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சொன்னதே நடந்துவிட்டது. எனக்கு இங்கே பேச வேறு ஆள் இல்லை.

ஏப்ரல் ஒன்றாம் தேதி ஒப்பந்தம் கைமாறி, புது ஒப்பந்தக்காரர் வந்தார். வருஷா வருஷம் நடப்பதுதான். பழைய கேட் பாஸை வாங்கிக்கொண்டு புது பாஸ் கொடுப்பார்கள். ஆள் அதே ஆள், மண்வெட்டி அதே மண்வெட்டி. ஆனால் காகிதத்தில் ஒவ்வொரு வருஷமும் எல்லாரும் புதிதாகச் சேர்ந்தவர்கள். யாரும் நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நானே ஏழு தடவை புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மனு எழுதும்போது அது என் புத்தியில் ஏறவில்லை பார்.

ஒப்பந்தக்காரர் என் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, சங்கமே கேட்கிறது, செய்துவிடலாம் என்று சிரித்தார். பழைய ஆட்களைக் கழிக்க அவருக்கு வழி கிடைத்துவிட்டது. மே பத்தாம் தேதி எல்லாருக்கும் சோதனை. சங்கத்தின் சார்பில் நானும் மேஜையில் உட்கார வேண்டுமாம். அட்டையில் போட வேண்டிய வாசகத்தையும் நானே எழுதினேன். முப்பத்தைந்து வார்த்தை. உன் சட்டத்தை நினைத்துக்கொண்டுதான் எண்ணினேன்.

அட்டையை அம்மாவுக்கு மனப்பாடம் செய்விக்கிறேன். "இயந்திரம் இயங்கிக்கொண்டிருக்கையில் அணுகலாகாது" என்று சொல்லிக் கொடுத்தால், "இப்பிடி எவனாவது பேசுவானாடா" என்று கேட்கிறது. ஆனாலும் பாதி வந்துவிட்டது. மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தால் வெளியே தெரிந்துவிடும். அதனால் அம்மாவுக்கு மட்டும்.

மனுவை எழுதியது நான் என்று அம்மாவுக்குத் தெரியாது.

இளவழகன்

—

ஐயோவா சிட்டி,
23.4.2017

அண்ணா,

அம்மா அதை மனப்பாடமாக ஒப்பித்தாலும் ஒப்பிக்கட்டும். நீ மட்டும் அந்த மேஜையில் உட்காராதே. வேறு யாரையாவது அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

மதி

—

முத்தாண்டிக்குப்பம்,
28.5.2017

அன்புள்ள எழில்மதிக்கு,

உட்கார்ந்தேன். நான் இருந்தால் அம்மா திணறினாலும் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஒப்பந்தக்காரரின் ஆபீஸ் கொட்டகை. மேஜைக்கு இந்தப் பக்கம் அவருடைய மேலாளரும் நானும். அவர் ஆளைக் கூப்பிடுவார், நான் பட்டியலில் சரியோ தவறோ போட வேண்டும். பீகார்காரர் ஒருவர் எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதையும் படித்துவிட்டார். மூன்று வருஷமாகச் சேத்தியாத்தோப்பு பஸ் போர்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு முன்னால் ருக்குமணி அக்கா. அம்மாவோடு ஒரே நாளில் வேலைக்கு வந்தது. அட்டையை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தது. கண்ணு சரியில்லைங்க என்று மேலாளரிடம் சொன்னது. அவர் தலையாட்ட, நான் தவறு போட்டேன். அக்கா வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டது.

அடுத்து அம்மா. காலையில் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டே முப்பத்தைந்தையும் பிசகாமல் சொன்ன அம்மா. அட்டையைக் கையில் வாங்கி, மரத்தடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, மேஜைமேல் திருப்பி வைத்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இதோ குந்திகினு இருக்கானே, இவன் எம்புள்ள. இவனுக்குத் தெரியும்."

மேலாளர் என்னைப் பார்த்தார். பேனா என் கையில்தான் இருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு எதிரே நான்தான் தவறு போட்டேன், பாப்பா.

பதினான்கு பேர் போனார்கள். அதில் பதின்மூன்று பேர் நம் பக்கத்துப் பெண்கள். அந்த இடங்களுக்கு மறு வாரமே வடக்கேயிருந்து லாரியில் ஆள் இறங்கியது. அவர்களுக்கு அட்டையும் இல்லை, சோதனையும் இல்லை.

அன்று வீட்டில், தெரிந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ருக்கு வெளியில நிக்கிறப்ப நான் எப்பிடிடா உள்ள போறது" என்றது. அப்போதுதான் மனு என்னுடையது என்று சொன்னேன். குழம்பை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டது.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் எழுந்து, அந்த நிபந்தனை என் தப்பு, திரும்பப் பெற வேண்டும், தகரக் கொட்டகைக்காரனுக்கும் நமக்குக் கொடுக்கிற கூலியையே கொடு என்று கேட்க வேண்டும் என்றேன். பாதிக் கூலிக்கு ஆள் கிடைக்கிற வரைக்கும் நம்மைக் கழித்துக்கொண்டேதான் இருப்பார்கள் என்றேன். நாற்காலி பறந்தது. ஜெயராமன் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. செயலாளர் பதவி போயிற்று. நம் ஆட்களில் பத்தொன்பது பேர் மட்டும் புது மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். இருபதாவது கையெழுத்து அந்தப் பீகார்காரருடையது. தமிழில் போட்டார். இன்னும் பதில் வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை.

அம்மாவும் ருக்குமணி அக்காவும் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறார்கள். தோலெண்ணெய் பட்டு அம்மாவின் விரலெல்லாம் வெந்து கிடக்கிறது. இரவில் நான் தேங்காயெண்ணெய் தடவிவிடுகிறேன். கையை நீட்டுகிறது. பேச்சும் இப்போது கொஞ்சம் வருகிறது.

உன் பெட்டியிலிருக்கிற செயலாளர் பிறகு என்ன செய்தாரோ, எனக்குத் தெரியாது. நான் செய்தது இவ்வளவுதான். என் பெயரை எழுதாதே என்று பிப்ரவரியில் சொன்னேன். எழுதிக்கொள். மனுவின் நகலும் கூட வருகிறது.

உன் அண்ணன்,
க. இளவழகன்

பின்குறிப்பு: நம் கடிதங்கள் எல்லாவற்றையும், இதையும் சேர்த்து, அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். நீ கடைக்குப் போகாமல் பயந்து கிடந்த இடத்தில் அழுதது. முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத் திருத்தச் சொன்னது. பதினெட்டு வருஷம் இல்லையாம், பத்தொன்பதாம். அதைச் சரியாகப் போட்டுக்கொள்.